எடைக் கணக்கில் ஓர் ஆள் குறைகிறது

நாமக்கல்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. அமெரிக்காவில் பிக்கப்பில் மாட்டி ஊர் ஊராக இழுத்துப்போய்க் குடியிருக்க ஒரு வீட்டுப் பெட்டி வாங்கப் போகிறேன் என்று நீ அனுப்பின எடைக் கணக்குத் தாளை ஜெராக்ஸ் கடைத் தம்பி பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அது என் மேசை மேல்தான் கிடக்கிறது. உங்கம்மா அதன்மேல் காப்பி டம்ளரை வைக்கப் போனாள், சத்தம் போட்டுவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப்பின் பம்பருக்குக் கீழே மாட்டி இழுக்கிற டிரெய்லர் வேண்டாம், பிக்கப்பின் முதுகுத் தொட்டிக்குள் மாட்டுகிற ஃபிஃப்த் வீல்தான் என்று முடிவெடுத்தாயே, அது சரி. பெட்டியை வண்டியோடு கோக்கிற ஆணியான கிங் பின், பிக்கப்பின் பின்பக்க அச்சுக்கு மேலே உட்கார்ந்தால் பாரம் நேராக அச்சில் இறங்கும். பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்து காற்று மோதினாலும், பெட்டி ஆடி வண்டியை அவ்வளவு எளிதில் இழுத்து அலைக்கழிக்காது. கேஸ் ஏற்றுகிற நம் புல்லட் டேங்கருக்கும் இதே கப்ளிங்தான், கிங் பின்னும் அதே இரண்டு அங்குலம்தான். அலமாரி நிறத்தையும் சோபாவையும் பார்த்து மயங்காமல் முதலில் எடையைக் கேட்டாய் பார், வண்டிக்காரன் மகள் என்று காட்டிவிட்டாய். யூனியன் ஆபீசில் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆனால் கணக்கு தப்பு கண்ணு.

உன் பிக்கப்பின் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற தாளில் 1,620 பவுண்டு என்று எழுதியிருக்கிறாய். வண்டி மேல் ஏறுகிற ஆள், சாமான், கிங் பின் பாரம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நீ கிங் பின் பாரத்துக்கு 1,050 போட்டிருக்கிறாய். அது கம்பெனி விளம்பரத் தாளில் உள்ள எண். தண்ணீர் இல்லாமல், கேஸ் இல்லாமல், ஒரு தட்டு கரண்டி கூட இல்லாமல் ஃபாக்டரி வாசலில் நிற்கிற பெட்டியின் எடை அது. நீ அதில் குடித்தனம் பண்ணப் போகிறாய். சனி ஞாயிறு போய் வருகிறவர்கள் பாதிப் பெட்டியோடு ஓட்டுவார்கள், குடியிருக்கிறவர்களுக்கு நாள் போகப் போக முழு பாரம் ஏறியே தீரும். தண்ணீர் மட்டும் எடுத்துக்கொள், அங்கத்துக் கேலன் ஒன்று 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டைத் தாண்டும்.

அதனால் பெட்டியின் ஜி.வி.டபிள்யூ., அதாவது முழு பாரத்தோடு இருக்கக்கூடிய உச்ச எடை, 7,000 பவுண்டை வைத்துப் போடு. அதில் ஐந்தில் ஒரு பங்கு கிங் பின்னில் இறங்கும் என்று வை, சில பெட்டியில் கால் பங்கும் இறங்கும். ஐந்தில் ஒன்றே 1,400. பிக்கப் தொட்டியில் பொருத்துகிற கப்ளிங் இரும்பு 150. நீ 130. ஆக 1,680. தாளில் உள்ளதைவிட 60 பவுண்டு அதிகம். டூல் பெட்டி, ஜாக்கி, உன் கம்ப்யூட்டர் சாமான் எதுவும் இன்னும் ஏறவில்லை.

இது ஓர் ஆளை வைத்துப் போட்ட கணக்கு. நீ போட்டு அனுப்பினபடியே நானும் போட்டிருக்கிறேன். 'ஆள்' என்று எழுதி ஒரே ஒரு எண் போட்டிருந்தாய். அவசரத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். மாப்பிள்ளை போன தடவை வந்தபோது ஆஞ்சநேயர் கோயில் பக்கத்து எடை மெஷினில் 78 கிலோ காட்டியது. பவுண்டில் 172. அதைச் சேர்த்தால் 1,852. இந்த பிக்கப் தாங்காது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, பிக்கப்பை மாற்று. 250, 2500 என்று நம்பர் போட்டு வருகிறதே, அந்த வகை. அதிலும் கதவுத் தாளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், டீசல் இன்ஜினும் சொகுசு சீட்டும் ஏற ஏறத் தாங்கும் பாரம் குறைந்துகொண்டே வரும். இன்னொன்று, பெட்டியைச் சின்னதாக்கு. மின்னசோட்டாவில் பேக்கஸ் என்கிற சின்ன ஊரில் ஸ்கேம்ப் என்று 19 அடிப் பெட்டி செய்கிறார்கள். ஃபைபரில் மேல் ஓடு, கீழ் ஓடு என்று தனித்தனியாக வார்த்து நடுவில் சேர்த்துவிடுகிறார்கள். மற்றப் பெட்டிகளில் கூரைக்கு ரப்பர் ஷீட் ஒட்டி ஓரமெல்லாம் பசை பூசியிருப்பார்கள். அந்தப் பசை விரிந்தால் தண்ணீர் உள்ளே போய் மரச்சட்டம் உளுத்துவிடும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஃபைபரில் அந்தத் தொல்லை குறைவு. எடையும் குறைவு, உன் பிக்கப்பே இழுக்கும். ஆனால் படுக்கை மேலே பரண் மாதிரி இடத்தில். ஏறிப் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. சாப்பிடுகிற மேசையும் சின்னது. உயரமான ஆளுக்கு முழங்கால் இடிக்கும். யாருக்கு இடிக்கும் என்று உனக்கே தெரியும்.

கொலம்பஸிலிருந்து எல்க்ஹார்ட் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னாய். போ. அங்கே இந்தப் பெட்டிகளின் ஃபாக்டரிகள் வரிசையாக இருக்கிறதாம், நம் ஊரில் பாடி கட்டுகிற பட்டறைகள் மாதிரி. ஆனால் பளபளப்பைப் பார்த்து நிற்காதே. பக்கவாட்டில் வெளியே நீளுகிற அறையை உள்ளே தள்ளி மூடச் சொல். மூடின பிறகு கக்கூஸுக்கும் ஃபிரிட்ஜுக்கும் போக வழி இருக்கிறதா பார். ராத்திரி மழையில் ரோட்டோரம் நிறுத்தினால் மூடித்தான் வைத்திருப்பாய். டயரில் நாலு எண் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று. பட்டன் தேயாமலே டயர் கெடும், ஐந்தாறு வருஷம் ஆனதைத் தொடாதே. வாரண்டித் தாளை முழுசாகப் படி. குடியிருந்தால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனி பொடி எழுத்தில் போட்டிருக்கும். இன்ஷூரன்ஸும் அப்படியே, முழுநேரம் குடியிருக்கிறேன் என்று சொல்லித்தான் எடுக்க வேண்டும். மறைத்து எடுத்தால் ஒன்று நடந்த பிறகு கையை விரிப்பார்கள்.

உன் பிக்கப் தொட்டி ஐந்தரை அடிதான். ஒடித்துத் திருப்பினால் பெட்டியின் மூக்கு கேபின் பின்கண்ணாடியில் இடிக்கும். பின்னால் நகர்த்தி வைக்கிற கப்ளிங் கிடைக்கும், அதை வாங்கு. மாட்டின பிறகு பெட்டிக்கு மட்டும் பிரேக் போட்டுவிட்டு மெல்ல முன்னால் இழுத்துப் பார். ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார். நூறு தடவை சரியாக மாட்டியிருக்கும், ஒரு தடவை கிங் பின் கப்ளிங் தாடைக்குள் போகாமல் மேலே உட்கார்ந்திருக்கும். நம் 4018 வண்டிக்கு என்ன ஆனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேஸ் விஷயம் வேறு. புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். அதற்கான அலாரம் கீழே இருக்க வேண்டும். குளிர் என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு தூங்காதே. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்குத் தனி அலாரம், பேட்டரியைச் சோதித்துக்கொள். குளிருக்காக ஜன்னலையும் முழுக்க மூடாதே, மூச்சுக்காற்றே சுவரில் தண்ணீராக ஊறும். டிசம்பரில் அரிசோனா பக்கம் இறங்கிவிடுவேன் என்றாய், அதுதான் சரி. குவார்ட்ஸைட்டில் அரசாங்க நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க விடுகிறார்கள் என்று நானும் படித்தேன். ஆனால் நிற்கிற இடத்தில் கரண்டும் குழாய்த் தண்ணீரும் இல்லாத பாலைவனம். அங்கே தனியாக...

எடை மேடையை மறந்துவிடாதே. லாரி நிற்கிற பெட்ரோல் பங்குகளில் கேட் ஸ்கேல் என்று போர்டு இருக்கும். முன் அச்சு, பின் அச்சு, பெட்டி மூன்றையும் தனித்தனியே காட்டும். நிரப்பி எடை போடு. நிரப்பினபின்தான் எடை போட வேண்டும்.

இன்னொன்று. பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்டுவது யார்? நம் வண்டி எதுவும் கிளீனர் இல்லாமல் ஷெட்டை விட்டுக் கிளம்பினதில்லை. உனக்கு ரிவர்ஸ் தெரியாது என்று சொல்லவில்லை. காலேஜ் லீவில் காலி டிரெய்லரை ஷெட்டுக்குள் ஒரே முயற்சியில் சொருகினவள் நீ, டிரைவர் அண்ணன்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். ஆனால் எவ்வளவு கெட்டிக்கார டிரைவரானாலும் வலது பக்கப் பின் மூலை கண்ணுக்குப் படாது. கேமரா இருக்கிறது என்பாய். கேமரா 'நிறுத்து' என்று கத்தாது.

வீட்டை விற்றாயிற்று என்று ஒரே வரியில் எழுதினாய். நானும் உங்கம்மாவும் ஒரு மாசம் தங்கின வீடு. கிருஹப்பிரவேசத்துக்கு உங்கம்மா காய்ச்சின பால் பொங்கின அடுப்பு அது. எங்களைக் கேட்க வேண்டாம், சொல்லியாவது இருக்கலாம். இப்போது மோகனூர்ப் பெரியம்மா பேத்தி கல்யாணப் பத்திரிகைக்கு முகவரி கேட்கிறார்கள். டெக்சாஸில் லிவிங்ஸ்டன் என்று ஒரு தபால் பெட்டி எண் கொடுத்திருக்கிறாய். கடிதத்தை வாங்கி நீ நிற்கிற இடத்துக்கு அனுப்புவார்கள், வண்டியில் வாழ்கிறவர்கள் அங்கே பலர் அப்படித்தான் என்றாய். இருக்கட்டும். பத்திரிகையில் யார் பேர் எழுதுவது? இரண்டு பேரையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

கோபப்படாதே. போன மாசம் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார், எப்போதும் போல. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டார். பிக்கப்பில் பேலோடு, அதாவது தாங்கும் பாரம், எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அதை அவகிட்டயே கேட்டுக்குங்க மாமா" என்றார். வைத்துவிட்டேன். உங்கம்மாவிடம் சொல்லவில்லை. அவள் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பருப்புப் பொடி அரைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை கண்ணு. சேலத்து அத்தை விஷயத்தில் நம் வீட்டில் ஆளாளுக்குக் கேட்ட கேள்வி போதும். தனியாக ஓட்டுகிறவளுக்கு 19 அடி போதும், ஸ்கேம்பையே எடு. இரண்டு பேர் என்றால் பிக்கப்பை மாற்றாமல் பெட்டிக்கு அட்வான்ஸ் கொடுக்காதே. கதவுத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஆள் வரியில் என்ன போடுவது என்று எழுது. நீ எழுதுகிறதை வைத்து நான் புதுக் கணக்கு போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்
அப்பா

பி.கு.: பழைய பெட்டி வாங்கினால் கிங் பின் தட்டைச் சுற்றி வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார். கடைக்காரன் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் வேண்டவே வேண்டாம்.