பாடமே நடத்தாத மேடம்

அன்புள்ள தோழிக்கு,

பதில் போடாமல் இவ்வளவு நாள் ஓட்டிவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். நாம் 'மைக்' என்று பட்டம் வைத்த அந்த உரத்த குரல்காரருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. குரல் மட்டும் இறங்கக் காணோம்.

இப்போது எழுதுவது வயிற்றெரிச்சலில். மாணவர்களின் கருத்துப் படிவங்கள் வந்திருக்கின்றன. "மேடம் பாடமே நடத்துவதில்லை. எங்களைப் பேசவிட்டு வரிசைக்கு நடுவில் நடக்கிறார்." இதே பாட்டை இன்னும் பலர் பாடியிருக்கிறார்கள். சிரிக்காதேடி. வரிசைக்கு நடுவில் நடப்பது உண்மைதான். என் இயற்பியல் வகுப்பு எப்படிப் போகிறது என்று கேள்.

மேலே எறிந்த பந்து உச்சியைத் தொடும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? திரையில் நான்கு விடைகள். முதலில் யாரோடும் பேசாமல், எத்தனையாவது விடை என்று விரல்களை நெஞ்சோடு ஒட்டிக் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட பாதி அரங்கம் பூஜ்ஜியம் என்கிறது. வேகம் பூஜ்ஜியம்தானே, அந்த மயக்கம். உடனே நான் விடையைச் சொல்வதில்லை. "பக்கத்தில் வேறு விடை காட்டியவரைப் பிடித்துச் சம்மதிக்க வையுங்கள்" என்று விட்டுவிடுவேன். அப்புறம் எழும் இரைச்சலைக் கேட்க வேண்டுமே! இரண்டாவது முறை விரல் காட்டும்போது பெரும்பாலோர் சரியான பக்கம் வந்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த வழி இது. முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் பேசவிடலாம். அதற்குக் கீழே போனால் மறுபடி விளக்க வேண்டும், மேலே போனால் அடுத்ததற்குப் போகலாம். இப்போதுதான் புரிந்துகொண்ட பையனுக்குத் தான் எங்கே இடறினோம் என்று நினைவிருக்கும். எனக்கு அது மறந்து யுகமாகிறது.

பலன் இல்லாமலும் இல்லை. 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரையில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோற்றவர்கள் சுமார் 34 சதவீதம். மாணவர்களே ஏதாவது செய்ய வேண்டியிருந்த வகுப்புகளில் சுமார் 22. ஆனால் என்னை உறுத்துவது 2019இல் அதே ஹார்வர்டிலிருந்து வந்த ஆய்வு. தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகத்தான் நினைத்தார்கள். வழவழவென்று ஓடும் விரிவுரை, எல்லாம் புரிந்துவிட்ட சுகத்தைக் கொடுத்துவிடுகிறது. மூளை திணறுவதை அவர்கள் 'புரியவில்லை' என்று கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கணக்குதான் படிவமாக என் மேசைக்கு வருகிறது. துறையிலோ படிவத்தை மட்டும்தான் பார்ப்பார்கள்!

அதனால் அடுத்த பருவத்தில் முதல் வகுப்பிலேயே இந்த ஆய்வை அவர்களிடம் போட்டு உடைக்கப் போகிறேன். கூடவே சீக்கிரமே ஒரு சின்னத் தேர்வு. தாங்கள் முன்னேறியிருப்பதை அவர்களே பார்க்கட்டும்.

சரி, இதை விடு. வகுப்பு முடியும்போது 'இன்று எது குழப்பியது' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்வேன். அத்தனையும் படிக்க முடியாது. கைக்கு வந்த கொஞ்சத்தை உருவிப் படித்து, அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குவேன். சென்ற வாரம் ஒரு சீட்டில், "ரொம்ப நாளாகவே எதுவும் புரியவில்லை. எல்லோரும் விரல் காட்டுவதைப் பார்த்து நானும் காட்டுகிறேன்" என்று இருந்தது. பெயர் இல்லை. 300 பேரில் ஒருவர், என் கண்ணெதிரே, யாருக்கும் தெரியாமல் தொலைந்துகொண்டிருக்கிறார். படிவத்துக்கு வந்த கோபமெல்லாம் அங்கேயே வற்றிவிட்டது. விரலுக்குப் பதில், அடுத்தவர் கண்ணில் படாமல் கைபேசியில் வாக்களிக்க வைக்கலாமா? கைபேசியை எடுத்தால் அப்புறம் கீழே வைப்பார்களா? நீ செய்து பார்த்தவள், உள்ளதைச் சொல்.

இன்னொன்று. நல்ல கேள்வி எழுதுவதற்குள் உயிர் போகிறது. தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்புகிற தவறுகளாக இருக்க வேண்டுமே. உன் வெப்பவியல் கேள்விகளை அனுப்பு. விடை எழுதாமல் அனுப்பு. நானும் விரல் காட்டிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச்