மீறத்தான் போகிறோம் என்று எழுந்து நின்று சொன்னார்

லண்டன்
12 நவம்பர் 2020

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் வந்தது. இங்கே மறுபடியும் ஊரடங்கு, டிசம்பர் 2 வரை. நாளை மறுநாள் தீபாவளி. மகள் வீட்டுக்குப் போக வழியில்லை. முறுக்கைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பியாயிற்று, தூளாகாமல் போய்ச் சேர்ந்தால் சரி.

பிரெக்ஸிட்டுக்காக, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற, பிரிட்டன் போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். "நாடாளுமன்றம்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்றால், அவர்கள் போட்ட ஒப்பந்தத்தை அவர்களே சட்டம் போட்டு மாற்றுவதில் உனக்கு என்னடா வலிக்கிறது?" அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் சுவெல்லா பிரேவர்மன் செப்டம்பரில் வெளியிட்ட விளக்கமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. உள்நாட்டு நீதிமன்றத்தில் அது நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தின் எதிர்த்தரப்பான ஐரோப்பிய ஒன்றியம் அந்த நீதிமன்றத்துக்கு வெளியே அல்லவா இருக்கிறது? அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்த பிறகு, அண்ணன் தன் வீட்டுக் கூடத்தில் பெண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைத்து, "அந்தப் பத்திரம் நம்மைக் கட்டுப்படுத்தாது" என்று தீர்மானம் போட்டால் தம்பி ஒத்துக்கொள்வானா?

சண்டையின் வேர் வட அயர்லாந்து. அது பிரிட்டனோடு வெளியேறுகிறது, தெற்கே அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்திலேயே இருக்கிறது. அயர்லாந்து தீவைக் குறுக்கே வெட்டிப் போகும் எல்லை சுமார் 500 கிலோமீட்டர். அங்கே மறுபடி சோதனைச் சாவடி வைத்தால் வட அயர்லாந்தின் உள்நாட்டுச் சண்டையை முடித்துவைத்த 1998-இன் புனித வெள்ளி ஒப்பந்தம் ஆட்டம் காணும். அந்த ஒப்பந்தத்துக்கு முன் முப்பது ஆண்டுகளில் 3,500 பேர் அளவில் செத்திருக்கிறார்கள். அதனால்தான் வட அயர்லாந்தைச் சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளுக்குள்ளேயே விட்டுவிட்டு, சோதனையை அதற்கும் பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள கடலுக்கு நகர்த்தினார்கள். இதற்குச் சம்மதித்தவர் வேறு யாருமில்லை, பிரதமர் போரிஸ் ஜான்சன்தான். 2019 டிசம்பர் தேர்தலில் அந்த ஒப்பந்தத்தைக் காட்டியே 80 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். ஜனவரியில் கையெழுத்துப் போட்டார். எட்டு மாதம்கூட ஆகவில்லை, உள்நாட்டுச் சந்தை மசோதா என்று ஒன்றைக் கொண்டுவந்து, அந்தக் கையெழுத்தின் சில பகுதிகளை அமைச்சர்களே ஒதுக்கிவைக்கலாம் என்கிறார்.

செப்டம்பர் 8-ஆம் தேதி நடந்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். கீழவையான காமன்ஸ் சபையில் சர் பாப் நீல் எழுந்து, இது சர்வதேசச் சட்டத்தை மீறுமா என்று கேட்கிறார். அவரும் ஆளுங்கட்சிதான். வட அயர்லாந்து அமைச்சர் பிராண்டன் லூயிஸ் ஆமாம், மீறும், ஆனால் மிகக் குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மட்டும் என்கிறார். நானும் நீயும் எத்தனையோ அரசாங்கங்களைப் பார்த்துவிட்டோம். மீறுவார்கள், மீறவே இல்லை என்று சாதிப்பார்கள். நாடாளுமன்றத்தில் நின்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அமைச்சரை நான் கேள்விப்பட்டதில்லை. அன்றைக்கே ஜான்சனுக்கு முன் பிரதமராக இருந்த தெரசா மே எழுந்து, இனிமேல் நம் கையெழுத்தை யார் நம்புவார்கள் என்ற பொருளில் கேட்டார். முன்னாள் பிரதமர்கள் ஐந்து பேர், ஆளும் டோரி கட்சியில் மூன்று, எதிர்க்கட்சியான லேபரில் இரண்டு, எல்லோருமே இதைக் கண்டித்துவிட்டார்கள். பிளேரும் மேஜரும் சேர்ந்தே எழுதினார்கள்.

அப்புறம் ஒரு கூத்து. ஸ்காட்லாந்துக்கான அரசுச் சட்ட அதிகாரி லார்ட் கீன், லூயிஸ் தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார் என்று மேலவையான லார்ட்ஸ் சபையில் சமாளித்தார். மறுநாள் லூயிஸ், நான் சொன்னது சரிதான் என்று நின்றார். கீன் அன்றைக்கே ராஜினாமா.

மாப்பிள்ளைக்கு இதெல்லாம் பிடிக்காது. ஸூமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னோடு மல்லுக்கு நின்றார். ஐரோப்பிய ஒன்றியம் வட அயர்லாந்தைப் பணயமாக வைத்துப் பேரம் பேசுகிறது என்கிறார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கு, இரு தரப்பின் கூட்டுக் குழு வேறு விதமாக முடிவு செய்யாதவரை, ஐரோப்பாவுக்குள் நுழையக்கூடியது என்றே கருதப்படும். ஒன்றியத்தோடு நடக்கும் வர்த்தகப் பேச்சு முறிந்தால் சொந்த நாட்டுக்குள் அனுப்பும் சாமானுக்கே வரி. யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே நடுவர் மன்றம் இருக்கிறது, பெரிய சிக்கல் வந்தால் தற்காலிகமாக விலக 16-ஆவது பிரிவு இருக்கிறது. அதையெல்லாம் தொட்டுக்கூடப் பார்க்காமல் மசோதா எதற்கு? மாப்பிள்ளை அதற்குப் பதில் சொல்லவில்லை, மகள் பேச்சைக் குழந்தையின் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பிவிட்டாள்.

பிரெக்ஸிட் வேண்டாம் என்றவர்கள் மட்டும்தான் கத்துகிறார்கள் என்று உன் ஊர்ப் பேப்பரில் போட்டிருந்தால் நம்பாதே. பக்கத்து வீட்டுப் பெரியவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வெளியேற வேண்டும் என்று ஓட்டுப் போட்டவர். அவரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வெளியே வரத்தான் ஓட்டுப் போட்டேன், பேச்சு மாற அல்ல" என்றார். திங்கட்கிழமை லார்ட்ஸ் சபையில் 433-க்கு 165 என்று அந்தப் பிரிவுகளைத் தூக்கியெறிந்தார்கள். எதிர்த்தவர்களில் மைக்கேல் ஹவர்டும் ஒருவர். கட்சியின் முன்னாள் தலைவர், பிரெக்ஸிட் ஆதரவாளர். மறுநாளே அமெரிக்கத் தேர்தலில் ஜெயித்த பைடன் ஜான்சனோடு போனில் பேசும்போது புனித வெள்ளி ஒப்பந்தத்தை நினைவூட்டியிருக்கிறார். டிரம்ப் ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டிருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கும்.

காமன்ஸுக்குத் திரும்பி வந்ததும் அந்தப் பிரிவுகளை மறுபடி சேர்ப்போம் என்கிறது அரசு. டிசம்பர் 31-க்குள் வர்த்தக ஒப்பந்தம் முடிந்தாக வேண்டும், பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் இந்த மசோதா பேரத்துக்கு வைத்த துருப்புச் சீட்டாகத்தான் இருக்கும், சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள் என்பது என் ஊகம். ஆனாலும் உன் மகன் வயதில் இங்கே சட்டம் படிக்கும் பிள்ளைகளிடம் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். அரசுச் சட்டத் துறையின் தலைவர் சர் ஜொனதன் ஜோன்ஸ், லூயிஸ் வாய் திறந்த அதே செப்டம்பர் 8-ஆம் தேதி பதவியை விட்டுப் போனார். நீ மதுரையில் அத்தனை வருஷம் அரசு வழக்கறிஞராக இருந்தவன். இதை வாதாட முடியாது என்று நீ திருப்பி அனுப்பிய வழக்குக் கட்டு ஏதாவது உண்டா? உண்டென்றால் மேலே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள்? விவரமாக எழுது, பெயர்கள் வேண்டாம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
சண்முகம்