எந்த இனம் என்று கேட்பதற்கு முன் தாழ்ப்பாளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாய் கடித்த செய்தி ஒன்று வந்துவிட்டால் போதும், 'அது என்ன இன நாய்?' என்ற கேள்வியோடு விவாதம் தொடங்கி அங்கேயே முடிந்தும் விடுகிறது. நாய்களைப் பழக்குவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. நாங்கள் கேட்பது வேறு. கடிப்பதற்கு முன் அந்த நாய் யாரைப் பார்த்து உறுமியது? அது வீட்டில் யாருக்குத் தெரியும்? தெரிந்த பிறகு எதை மாற்றினார்கள்? அன்றைக்கு அது எந்த வழியாக வெளியே வந்தது? இந்த நான்குக்கும் பதில் கிடைத்தால், பொறுப்பு யாருடையது என்பதைத் தனியாகத் தேட வேண்டியிருக்காது.

இனத்தை வைத்துச் சட்டம் போட்டுப் பார்த்த நாடுகள் உண்டு. பிரிட்டன் 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டத்தைக் கொண்டுவந்து பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலேரோ என நான்கு வகைகளைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகள் கழித்தும் கடி நிற்கவில்லை. எக்ஸ்எல் புல்லி என்ற ஐந்தாவது வகையையும் சேர்த்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 பிப்ரவரி 1 முதல் விலக்குச் சான்று இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். ஆண் நாயின் தோள் உயரம் 51 செ.மீ., பெண் நாய்க்கு 48 செ.மீ. முதல் என்று அளவுநாடாவோடு அடையாளம் காண வேண்டிய நிலை. அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, எந்த இன நாயானாலும் கட்டுக்கடங்காமல் ஆபத்து விளைவித்தால் உரிமையாளரைப் பொறுப்பாக்குகிறது. 2014-இல் அது வீடு, தோட்டம் போன்ற தனியார் இடங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. நான்கு இனப் பெயர்களைவிட அந்த ஒரு பிரிவு பயனுள்ளது என்பது என் கருத்து.

இனத்துக்குப் பொருளே இல்லை என்று சொல்ல வரவில்லை. 5 கிலோ நாய் கடித்தால் தையல், 45 கிலோ நாய் கடித்தால் உயிரே போகலாம். பெரிய நாய் வைத்திருப்பவருக்குத் தவறு செய்ய இடம் குறைவு, அவ்வளவுதான்.

உறுமலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான உரிமையாளர்கள் கோட்டை விடுவது அங்கேதான். நாய் தரும் எச்சரிக்கைகளில் உறுமல் ஏறக்குறைய கடைசி. அதற்கு முன்பே பலவற்றைச் சொல்லியிருக்கும். முகத்தை வேறு பக்கம் திருப்பும். உணவு எதுவும் இல்லாதபோது உதட்டை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணின் வெள்ளைப் பகுதி பிறைபோலத் தெரியும். இரைத்துக்கொண்டிருந்த வாய் சட்டென்று மூடும், உடல் விறைக்கும். வால் ஆடுவதை வைத்து நட்பு என்று முடிவு செய்யக் கூடாது. உயர்த்திய வால் விறைப்பாக, சின்ன அதிர்வாக ஆடினால் அது மோதலுக்கு முந்தைய நிலை.

உறுமியதற்காக அடித்தால் என்ன ஆகிறது? நாய் உறுமுவதை நிறுத்துகிறது. உறுமவைத்த பயமோ வலியோ அப்படியே இருக்கிறது. அடுத்த முறை எச்சரிக்கையைத் தாண்டி நேராகப் பல்லுக்கு வருகிறது. 'சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது' என்று சொல்லப்படும் நாய்களில் பல, சொல்லக் கூடாது என்று அடித்துப் பழக்கப்பட்டவை. கூர்முனைக் கழுத்துப்பட்டை, மின் அதிர்ச்சிப் பட்டை எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அந்நியரைப் பார்க்கும் நேரத்தில் கழுத்தில் வலி வந்தால், வலிக்குக் காரணம் அந்நியர் என்றே நாய் கணக்குப் போடும்.

உறுமினால் செய்ய வேண்டியது இதுதான்: செய்துகொண்டிருந்ததை நிறுத்துங்கள், இடைவெளி கொடுங்கள், பிறகு எழுதி வையுங்கள். யாரைப் பார்த்து, எத்தனை அடி தூரத்தில், எந்த இடத்தில், வாயில் என்ன இருந்தது, எத்தனை மணிக்கு. ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் யாரும் வைத்துக்கொள்வதில்லை. இரண்டு வாரக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வடிவம் தெரியும்: தின்னும்போது மட்டும், தூங்கி எழுப்பினால் மட்டும், இடுப்பைத் தொட்டால் மட்டும் என்று.

அந்தக் குறிப்போடு முதலில் போக வேண்டியது கால்நடை மருத்துவரிடம். பயிற்சியாளர் அதற்குப் பிறகுதான். காது அழற்சி, உடைந்த பல், இடுப்பு மூட்டுத் தேய்மானம், முதுகுத்தண்டு வலி, மங்கும் பார்வை, இவற்றில் எது வேண்டுமானாலும் சாதுவான நாயைக் கடிக்க வைக்கும். வளர்ந்த நாயின் குணம் சில வாரங்களில் திடீரென்று மாறினால் நோய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கருத்தடை செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஆண் நாய் ஊர் சுற்றுவது குறையும். பயத்தால் கடிப்பது அதனால் குறையாது.

ஏற்கெனவே கடித்திருந்தால், எவ்வளவு கடித்தது என்பதை உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு அளக்க வேண்டும். கால்நடை மருத்துவரும் நடத்தை வல்லுநருமான இயன் டன்பார் வகுத்த ஆறு நிலைகளை உலகெங்கும் பயிற்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். முதல் நிலையில் பல் படுவதில்லை, பாய்வதும் காற்றில் கடிப்பதும்தான். இரண்டில் பல் படும், தோலில் துளை விழாது. மூன்றில் ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளைகள், கோரைப்பல்லின் பாதி நீளத்தைத் தாண்டாத ஆழம். நான்கில் துளை அதைவிட ஆழம். நாய் கவ்விப் பிடித்திருக்கும் அல்லது தலையை உதறியிருக்கும். ஐந்தில் அப்படிப்பட்ட கடிகள் பல. ஆறாவது மரணம். முதல் இரண்டும் பழக்கத்தால் திருத்தக்கூடியவை. மூன்றாம் நிலை நாயோடு வாழ்நாள் முழுவதும் கட்டுப்பாடும் கூடவே வரும். நான்கிலிருந்து மேலே உள்ள நாயைப் 'பழக்கிச் சரிசெய்து தருகிறேன்' என்று உறுதி சொல்பவரிடம் விலகியிருங்கள்.

இனி தாழ்ப்பாள். தெருவில் நடக்கும் கடிகளில் நாயின் மனநிலையைவிடக் கேட்டின் நிலைதான் முக்கியம். கேட் உள்பக்கமாகத் திறக்க வேண்டும். அப்போதுதான் நாய் மோதினால் அது மூடும். வெளிப்பக்கமாகத் திறந்தால் மோதும்போதெல்லாம் தாழ்ப்பாள் மட்டுமே தாங்கும். ஸ்பிரிங் கீல் போட்டுத் தானாக மூடும்படி வையுங்கள், கொண்டியில் ஒரு பூட்டும் இருக்கட்டும். கேட்டுக்கும் வீட்டுக் கதவுக்கும் இடையே இன்னொரு சிறு கதவு வைத்தால், ஒன்றை யாராவது திறந்து போட்டாலும் மற்றது காக்கும். பொருள் கொண்டுவருபவர் கேட்டைத் தள்ளும் அந்த மூன்று விநாடிதான் பலருக்கு வினையாகிறது.

பெரிய நாய்க்கு வேலி 1.8 மீட்டராவது வேண்டும். பக்கத்தில் தொட்டியோ திண்ணையோ இருந்தால் அந்த உயரம் வீண். தோண்டும் நாயாக இருந்தால் வேலியின் அடியிலிருந்து உள்பக்கமாக 45 செ.மீ. அகலத்துக்குக் கம்பிவலையை மண்ணுக்கு அடியில் படுக்கையாகப் பதியுங்கள். நாய் வேலியை ஒட்டித்தான் தோண்டும், வலை தடுக்கும். கம்பி இடைவெளி வழியாகக் குழந்தையின் கை நுழையுமானால் அந்த உயரம் வரை தகடு அடித்துவிடுங்கள். தகடு பார்வையையும் மறைப்பதால் போகிறவர் வருகிறவரைப் பார்த்துக் குரைத்து வெறியேறுவதும் குறையும்.

சங்கிலியை நம்ப வேண்டாம். கட்டிப்போட்ட நாய்க்கு ஓடி ஒதுங்க வழியில்லை, எதிர்ப்பது ஒன்றே வழி. நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் நாளாக நாளாக மூர்க்கமாவது இதனால்தான். அறுந்துபோவதும் பெரும்பாலும் சங்கிலி அல்ல, சுழலும் கொக்கியும் கழுத்துப்பட்டையின் தையலும்தான். கண்ணுக்குத் தெரியாத மின்வேலி என்று விற்கப்படுவதும் ஆபத்தான நாய்க்கு ஆகாது. உணர்ச்சிவேகத்தில் நாய் அதிர்ச்சியைத் தாண்டி வெளியேறிவிடும், பிறகு அதே அதிர்ச்சிக்குப் பயந்து திரும்பி வராது. உள்ளே வரும் குழந்தையை அது தடுப்பதும் இல்லை. 'நாய் ஜாக்கிரதை' பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பலகை, நாய் ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கும் சாட்சி.

வெளியே கூட்டிப்போகும் வார் 1.2 முதல் 1.8 மீட்டர் போதும். இழுக்க இழுக்க நீளும் வகை இந்த நாய்களுக்கு உதவாது. நாய் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும்போது கையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும். கழுத்துப்பட்டை, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் இரண்டிலும் கொக்கி மாட்டினால் ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். நாயைவிட எடை குறைந்த பிள்ளையிடம் வாரைக் கொடுத்து அனுப்புவதைப் பொறுப்பின்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

மசில் எனப்படும் வாய்க்கூடு பற்றி உரிமையாளர்களுக்கு ஏனோ கூச்சம். போட்டால் ஊர் என்ன சொல்லுமோ என்று. கூடை வடிவில் இருப்பதையே வாங்குங்கள். வாயை இறுக்கி மூடும் துணி வகை மருத்துவரிடம் சில நிமிடங்களுக்கு மட்டும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது முக்கியமாக இரைப்பதால்தான், வாயை மூடிக்கொண்டு நடக்கவைத்தால் வெப்பத்தாக்கு வந்துவிடும். கூடைக்குள் வாய் நன்றாகத் திறந்து நாக்கு தொங்க வேண்டும், நீர் குடிக்க முடிய வேண்டும். மூக்கு நுனிக்கும் கூடைக்கும் இடையே 1 செ.மீ. இடம் வேண்டும், விளிம்பு கண்ணில் இடிக்கக் கூடாது. நெற்றி வழியாகத் தலைக்கு மேல் செல்லும் பட்டை இல்லாவிட்டால் முன்கால்களால் கழற்றிவிடும்.

பழக்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் கூடையைக் கையில் பிடித்து, உள்ளே பிடித்த தின்பண்டம் வைத்து, நாயே மூக்கை நுழைக்க விடுங்கள். நீங்கள் தள்ளக் கூடாது. பிறகு மூக்கு உள்ளே இருக்கும் நேரத்தை ஐந்து, பத்து விநாடி என்று கூட்டுங்கள். அதற்குப் பிறகுதான் பட்டையை மாட்டி உடனே கழற்றுவது, அடுத்து வீட்டுக்குள் சில நிமிடம், கடைசியில் நடைக்கு. அந்நியர் வரும்போது மட்டும் போட்டால், கூடு என்றாலே கெட்டது வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொள்ளும். ஒன்றுமில்லாத நாளிலும் போட்டுப் பழக்குங்கள். கூடு போட்ட நாயும் முட்டித் தள்ளும், நகத்தால் கீறும் என்பதையும் மறக்கக் கூடாது.

குழந்தைகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறு பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். முகம் நாயின் வாய் உயரத்தில் இருப்பதால் காயமும் தலை, கழுத்தில்தான். தின்னும் நாய், தூங்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இந்த மூன்றின் அருகிலும் பிள்ளையை விடக் கூடாது. அதே அறையில் உட்கார்ந்து போனைப் பார்ப்பது கண்காணிப்பு ஆகாது.

கடி விழுந்துவிட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் அது எவ்வளவு நீண்ட நேரம் என்று தெரியும். பிறகு போவிடோன் அயோடின் போன்ற கிருமிநாசினி. வேறு எதையும் பூசக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. ரேபிஸ் உள்ள பகுதியானால் அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். நாய் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கக் கூடாது. தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத ஊசியும் தேவைப்படும். தையல் கட்டாயம் என்றால் அதைச் செலுத்திய பிறகே போடுவார்கள். கையில் விழுந்த கடி சிறியதாகத் தெரிந்தாலும் சீக்கிரம் சீழ் பிடிக்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்கள் சிறு கடிக்கும் தாமதிக்கக் கூடாது.

உரிமையாளரின் வேலை அங்கேயே தொடங்குகிறது. நாயின் தடுப்பூசி அட்டையைக் கடிபட்டவர் கையில் கொடுங்கள். நாயைப் பத்து நாள் கண்பார்வையில் அடைத்து வையுங்கள். ரேபிஸ் கிருமி எச்சிலில் இருந்திருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நாய் நோய்வாய்ப்பட்டு இறந்துவிடும். நலமாக இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை. பயத்தில் நாயை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டால் கடிபட்டவருக்கு இந்தத் தகவலே கிடைக்காது. அடித்துக் கொல்வதும் அப்படியே.

கடித்த நாயை வேறு ஒருவருக்குக் கொடுப்பதில்தான் அதிகம் பொய் நடக்கிறது. 'இடமில்லை, அதனால் தருகிறோம்' என்பார்கள். கடித்த தேதி, யாரை, எந்தச் சூழலில், எத்தனை துளை என்று எழுதி, வாங்குபவர் கையெழுத்து வாங்காமல் கொடுப்பது அடுத்தவர் வீட்டுக்கு ஆபத்தைக் கைமாற்றுவது. ஆழமான கடி, எச்சரிக்கை இல்லை, காரணம் கணிக்க முடியவில்லை, வீட்டில் சிறு பிள்ளை இருக்கிறது, இவை ஒன்றாகச் சேரும்போது மருத்துவர் வலியில்லாத மரணத்தைப் பரிந்துரைக்கலாம். அதைக் கேட்டு முடிவெடுக்கும் உரிமையாளரைக் கொடியவர் என்று பேசுவது நியாயமல்ல.

அதிகாரிகளிடம் கேட்பது பெரிதாக இல்லை. ஒவ்வொரு கடியும், நாயின் தோலுக்கு அடியில் பதிக்கும் மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணோடு பதிவாகட்டும். கடியின் நிலைக்கேற்பக் கூடு, வார், வேலி என்று எழுத்தில் உத்தரவு போகட்டும். முதல் உறுமலையே தெரிவித்து உதவி கேட்டு வருபவரைத் தண்டிக்க வேண்டாம், தண்டித்தால் அடுத்தவர் மறைத்துவிடுவார். உத்தரவு போன ஒரு மாதத்தில் ஒருவர் நேரில் போய், அந்தக் கேட்டை வெளியிலிருந்து ஒரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நாய்ப் பயிற்சித் துறையில் உள்ள ஒரு வாசகர்