விளையாடுவோர் பெருகினால் பங்கின் விலையும் ஏறுமா?

ஆசிரியர் அவர்கட்கு,

விளையாடுவோர் பெருகுவதால், கணினி விளையாட்டு உபகரணங்களைத் தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான கோர்செயாரின் பங்கு விலையும் ஏறும் என்று தங்கள் வணிகப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையையும், அதனை ஆதரித்தும் மறுத்தும் வந்த வாசகர் கடிதங்களையும் வாசித்தேன். விளையாடுவோர் தொகை இன்னும் பெருகுமா என்ற ஒரே கேள்வியையே இரு தரப்பாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெருகும் என்றே வைத்துக்கொண்டாலும், அதன் பயன் பங்குதாரரின் கைக்கு வந்துசேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

திருகோணமலையில் இருக்கும் ஒருவருக்கு, கோர்செயாரின் பங்கு கைமாறும் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச் சந்தையில் என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் மருமக்களும் பழைய மாணவர்களும் இத்தகைய பங்குகளைக் கைபேசியிலேயே வாங்குகிறார்கள். வாங்குவதற்கு முன் ஊரில் கணக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கமும் இன்னும் அற்றுப்போகவில்லை.

இதே தொழிலில் உள்ள ரேசர் நிறுவனத்தின் வரலாறு அந்தக் கட்டுரையில் இடம்பெற்றிருக்க வேண்டும். 2017 நவம்பரில் ஹொங்கொங் சந்தையில் பங்கொன்று 3.88 ஹொங்கொங் டொலர் வீதம் வெளியிடப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 52 கோடி அமெரிக்க டொலராக இருந்த விற்பனை, 2020 இல் 120 கோடியைத் தாண்டியது. விளையாடுவோரும் பெருகினார்கள், விற்பனையும் இரட்டிப்புக்கு மேல் போயிற்று. ஆயினும் 2022 மே மாதத்தில் நிறுவனம் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டபோது, பங்குதாரருக்குக் கொடுக்கப்பட்ட விலை 2.82 ஹொங்கொங் டொலர் மட்டுமே. முதல் நாளிலிருந்து பொறுமையாக வைத்திருந்தவர் போட்ட முதலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தார்.

கோர்செயாரின் கணக்கைப் பார்த்தால் காரணம் ஓரளவு புலப்படும். 2020 செப்டெம்பரில் 17 டொலருக்கு வெளியிடப்பட்ட பங்கு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. விற்பனை 2020 இல் 170 கோடி டொலர், 2021 இல் 190 கோடி. மறு ஆண்டு அது 137 கோடியாகச் சரிந்தது. ஹெட்செட்டுகளுக்குப் பெயர்பெற்ற டர்ட்டில் பீச்சுக்கும் அதுவே நேர்ந்தது: 2021 இல் 36 கோடியே 60 லட்சம், 2022 இல் 24 கோடி. இந்த ஓராண்டுக்குள் உலகில் யாரும் விளையாடுவதைக் கைவிட்டுவிடவில்லை. கொவிட் முடக்கத்தின்போது வீட்டிலிருந்தவர்கள், பின்னர் வாங்கவிருந்ததை முன்கூட்டியே வாங்கி முடித்துவிட்டார்கள் என்பதே விளக்கம்.

அதனினும் முக்கியமான ஒன்று, நான் வகுப்பில் தொக்குக் கணக்கு, அதாவது விற்காமல் இருப்பில் உள்ள சரக்கின் கணக்கு, படிப்பித்த காலத்திலிருந்தே மாணவர்கள் தவறவிடும் இடம். இந்த நிறுவனங்கள் தங்கள் பொருட்களில் பெரும்பகுதியை விளையாடுபவருக்கு நேரே விற்பதில்லை. மொத்த விநியோகத்தருக்கும் பெரிய கடைகளுக்குமே விற்கின்றன. பொருள் அவர்கள் கைக்குப் போனதும் விற்பனை என்று பதிவாகிவிடும். ஆகவே, தட்டுப்பாட்டுக்குப் பயந்து கடைக்காரர் அளவுக்கு மீறி அடுக்கும்போது நிறுவனத்தின் விற்பனை உண்மைத் தேவையைவிட உயர்ந்து தெரியும். அடுக்கியதை முதலில் தீர்ப்போம் என்று அவர் புதுக் கட்டளையை நிறுத்தும்போது உண்மைத் தேவையைவிடத் தாழ்ந்து தெரியும். 2021 ஐப் பார்த்து மகிழ்ந்தவர்களும் 2022 ஐப் பார்த்து ஓடியவர்களும் ஒரே தொக்கின் இரு பக்கங்களையே கண்டார்கள். இதே தொழிலில் இருந்த மேட் கேட்ஸ் நிறுவனத்தை இதற்குக் கடைசி உதாரணமாகக் கொள்ளலாம்: 2015 இல் ஓர் இசை விளையாட்டை நம்பிச் செய்த பிளாஸ்டிக் கிற்றார்களும் மேளங்களும் எதிர்பார்த்தபடி விற்காமல் போக, 2017 மார்ச்சில் அது வங்குரோத்து அறிவித்தது.

இங்கே பிரதான வீதியில் உள்ள கணினிக் கடையொன்றில் ஒரு மாலை நின்று பார்த்தால், இதன் மறுபக்கமும் தெரியும். கடற்காற்றின் ஈரத்தில் ஹெட்செட்டின் காதுமெத்தைத் தோல் உரிந்து, கருப்புத் துகளாகக் கன்னத்தில் ஒட்டும். பையன்கள் அதற்காகப் புதியது வாங்குவதில்லை, மெத்தையை மட்டும் மாற்றுகிறார்கள். மடியும் இடத்தில் வயர் அறுந்தால், கடைப் பையன் ஈயம் வைத்து ஒட்டிக் கொடுத்துவிடுகிறான். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிய நாளிலிருந்து பெயர்பெற்ற பெட்டிகள் கண்ணாடி அலுமாரிக்குள் நிறம் மங்கிக் கிடக்க, பெயர் தெரியாத சீனத் தயாரிப்புகளே கைமாறுகின்றன. எங்கள் ஊர் அவர்களுடைய சந்தையே அல்ல என்று யாரும் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலிவான மாற்றுப் பொருள் கிடைக்கும் இடமெல்லாம் வாங்குபவர் கணக்குப் பார்க்கத்தானே செய்வார்?

பங்கை ஆதரிப்போர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எல்காட்டோ, ஸ்கஃப், 2024 இல் வாங்கிய ஃபனாடெக் ஆகிய துணை வணிகப் பெயர்களால் இலாப விகிதம் கூடிய பொருட்கள் கோர்செயாரின் கைக்கு வந்துள்ளன. ஆனால் அதன் விற்பனையில் பெரும்பகுதி இன்னமும் நினைவகத் தட்டு, மின்வழங்கி, பெட்டி, குளிரூட்டி போன்ற உட்பாகங்களிலிருந்தே வருகிறது என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. நினைவகச் சில்லின் விலை கோர்செயாரின் கையில் இல்லை. ஈகிள்ட்ரீ என்ற முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை வைத்திருப்பதால், சிறு பங்குதாரரின் வாக்குக்கு அங்கே பெறுமதி குறைவு என்பதும் சொல்லப்படவில்லை. 2025 இல் அமெரிக்கா விதித்த இறக்குமதித் தீர்வைகளைப் பற்றி மற்றவர்கள் போதியளவு எழுதிவிட்டார்கள்.

ஆகவே, இந்த விவாதத்தைத் தாங்கள் தொடர்வதானால், விளையாடுவோர் தொகையைக் காட்டும் வரைபடத்துக்குப் பதிலாக, கடந்த எட்டுக் காலாண்டுகளின் விற்பனையையும், ஒவ்வொரு காலாண்டின் இறுதியிலும் ஐந்தொகையில் (சொத்தையும் கடனையும் காட்டும் அறிக்கையில்) காட்டப்பட்ட தொக்கின் பெறுமதியையும், தொழிற்பாட்டிலிருந்து கிடைத்த காசையும் ஒரே அட்டவணையில் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் பகிரங்கமாக வெளியிடும் அறிக்கைகளில் இம்மூன்றும் இருக்கின்றன.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணக்கியல் ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.