ரத்தம் எங்கீங்க இருக்கு?

ஆசிரியர் சாருக்கு வணக்கமுங்க.

காட்டுப்பக்கம் டூர் போற பசங்களை ஒவ்வொருத்தரா போட்டுத்தள்ற ஹாலிவுட் படங்களைப் பத்தி போன இதழ்ல ஒரு கட்டுரை வந்துச்சு. கதைக்கு வழியில்லாதவங்க கம்மிக் காசுல ரத்தத்தை ஊத்தி ஒப்பேத்துன படங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டார் எழுதுனவரு. ரெண்டு நாளா மனசு ஆறல, அதான் எழுதறேன். எங்க வீட்ல தாத்தா காலத்துல இருந்து சா மில்லு, பவர் சா சத்தத்துலயே வளர்ந்தவன் நானு, அதனால அந்த வகையில 1974ல வந்த டெக்சாஸ் செயின் சா மசாக்கர் (டெக்சாஸ் ரம்பப் படுகொலை) படத்தைப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்குன்னு வச்சுக்கங்களேன்.

அந்தப் படத்துல ரத்தம் எங்கீங்க இருக்கு? பேர்லயே ரம்பம் இருக்குதுன்னு ஆளாளுக்கு கொலைகாரன் ஊரையே அறுத்துத் தள்ற மாதிரி பேசறாங்க. எண்ணிப் பாருங்க, ரம்பத்தால சாகறது ஒரே ஒரு ஆளு, வீல்சேர்ல வர்ற ஃபிராங்க்ளின். ரெண்டு பசங்களுக்கு சுத்தியல் அடி. ஒரு பொண்ணைத் தூக்கிக் கறிக்கொக்கியில மாட்டறான், ஆனா கொக்கி முதுகுல எறங்கறதைக் காட்டவே மாட்டாங்க, அவ மூஞ்சியத்தான் காட்டுவாங்க, நாமதான் நம்ம முதுகத் தொட்டுப் பாத்துக்கறோம். டைரக்டர் டோபி ஹூப்பர் பிஜி சர்டிபிகேட்டாவது (பெத்தவங்க சம்மதத்தோட பசங்களும் பாக்கலாம்ங்கறது) கிடைக்கும்னு நம்பித்தான் ரத்தத்தைக் குறைச்சாரு, கிடைச்சது என்னவோ ஆர், அதாவது 17 வயசுக்குக் கீழ இருக்கறவங்க தனியா பாக்க முடியாது. இங்கிலாந்து சென்சார்ல 1975ல முடியாதுன்னு சொன்னவங்க, ஒரு கட்டும் இல்லாம விட்டது 1999லதான். சீனை வெட்டிட்டு விடலாம்னா எதை வெட்டறது, படம் பூரா அந்த பயம் ஊறிக்கிடக்கு.

காசில்லன்னு சொன்னீங்களே, அது வாஸ்தவம். 1973 வெயில் காலத்துல டெக்சாஸ்ல ரவுண்ட் ராக் பக்கம் ஒரு பழைய வீட்ல 16 எம்எம் கேமராவுல எடுத்தது, மொத்தச் செலவே ஒரு லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குள்ளதான். ரம்பம் தூக்கற லெதர்ஃபேஸா வந்த குன்னர் ஹான்சனுக்கு இருந்தது ஒரே சட்டை, சாயம் போயிரும்னு கடைசி நாள் வரைக்கும் தொவைக்கவே இல்லியாம், அதனால சாப்பாட்டு நேரத்துல அவர் பக்கத்துல உக்கார ஆளில்ல. கடைசியில வர்ற விருந்து சீன் இருக்கே, அதை ஒரு நாளைக்கும் மேல விடாம எடுத்தாங்க. ஏன்னா தாத்தாவா நடிச்ச வாலிபப் பையன் அந்த மேக்கப்பை இன்னொரு தடவ போட்டுக்க முடியாதுன்னுட்டான். ராத்திரி சீனுக்காக பகல்லயே ஜன்னலையெல்லாம் கருப்புத்துணி போட்டு அடைச்சுட்டு, நிஜ எலும்பும் மாமிசமும் லைட்டுச் சூட்டுல நாற நாற, வெளிய ஓடி வாந்தி எடுத்துட்டு வந்து எடுத்திருக்காங்க. கதாநாயகி மரிலின் பர்ன்ஸ் விரலை அறுக்கற இடத்துல போலி ரத்த டியூப் அடைச்சுக்கிட்டதால நெசமாவே கீறி விட்டுட்டாங்க. (இதெல்லாம் பெருமைன்னு சொல்லல, அநியாயம்தான்.) ஆனா கோடி கோடியா காசு இருந்திருந்தா ஏசி செட்டுல எடுத்திருப்பாங்க, அந்தப் பொண்ணு கண்ணுல தெரியற கிறுக்கு வந்திருக்காது.

இதே மாதிரிதான் ஈவில் டெட். கத்திக்காரன் படம் இல்ல, பேய்ப்படம்தான், ஆனாலும் அதே காடு, அதே வறுமை. சாம் ரைமிக்கு அப்ப 20 வயசு, 1979 குளிர்ல டென்னசியில ஒரு பாழடைஞ்ச கேபின். கேமரா ஆடாம ஓட விடற ஸ்டெடிகேம் வாங்க வக்கில்ல, ஒரு பலகையில கேமராவ மாட்டி ரெண்டு பக்கமும் ஆளுக்கொருத்தர் புடிச்சுக்கிட்டு காட்டுக்குள்ள ஓடியிருக்காங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த ஓட்டத்தப் பாத்து காப்பி அடிக்கறாங்க.

நீங்க சொன்ன குத்தம் ஃப்ரைடே தி தர்ட்டீன்த் படத்துக்கு வேணா பொருந்தும். படம் எடுக்கறதுக்கு முன்னாடியே பேரை மட்டும் வச்சு 1979ல வெரைட்டிங்கற சினிமா பத்திரிகையில விளம்பரம் குடுத்துட்டாங்க, அப்புறம் மேக்கப்புல ரத்தக்காயம் செய்யற டாம் சவினியக் கூப்பிட்டு கழுத்து கழுத்தா அறுக்க விட்டாங்க, துட்டும் கொட்டுச்சு. அதை வச்சு மொத்தப் பேரையும் அளந்தா எப்படிங்க? அதுலயும் கொலைகாரன் ஜேசன் போடற ஹாக்கி முகமூடி 1982ல வந்த மூணாவது பாகத்துலதான் வருது, முதல் படத்துல கொலை பண்றது ஜேசன் இல்ல, அவன் அம்மா. கட்டுரையில அதுவும் தப்பு.

அப்புறம் டெக்சாஸ் படத்தை உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கீங்க. அதுக்கு மூலம்னு சொல்ற எட் கீன்ங்கற கொலைகாரன் 1957ல புடிபட்டது விஸ்கான்சின்ங்கற வேற மாநிலத்துல, பிளெயின்ஃபீல்டுங்கற ஊர்ல. டெக்சாஸ் எங்க, அது எங்க? கல்லறையத் தோண்டி தோல்ல முகமூடி செஞ்சது அவன்தான், அதை மட்டும் படத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. ரம்பமும் இல்ல, குடும்பமும் இல்ல.

உங்க கட்டுரை தொடாம விட்டது ஒண்ணு இருக்குங்க. அந்தக் கொலைகாரக் குடும்பம் கறி வெட்ற தொழிற்சாலையில வேலை பாத்தவங்க, மாட்டை சம்மட்டியால அடிக்கற காலம் போயி துப்பாக்கி மாதிரி மெஷின் வந்ததுல வேலை போச்சுன்னு வேன்ல ஏறுற பையனே சொல்றான். மெஷின் வந்து வேலை போன ஆளுங்களை எங்க மில்லுலயும் பாத்திருக்கேன், யாரும் யாரையும் வெட்டல, டீக்கடை வச்சாங்க, திருப்பூர் போனாங்க. இந்தப் படங்கள்ல எனக்கு உறுத்தறது இதுதான், ரத்தம் இல்ல. டவுன்ல இருந்து கார்ல வர்றவன் மனுசன், ஊருக்குள்ள பல்லு வெளக்காம நிக்கறவன் மிருகம். இதை எழுதியிருந்தா நானே கை தட்டியிருப்பேன்.

கடைசியா ஒரு திருத்தம் போடுங்க சார். 1974 படம்னு கீழ எழுதிட்டு ஜெசிக்கா பியல் போட்டோவ அச்சடிச்சிருக்கீங்க. அது 2003ல வந்த ரீமேக். ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், ரெண்டுக்கும் கேமரா புடிச்சது அதே டேனியல் பேர்ல்தான், அதனால கண்ணு ஏமாந்துருச்சுன்னு வேணா சொல்லிக்கலாம்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
சத்தியமங்கலம்