எரித்தவரின் வாக்குமூலத்தை எழுத ஒரு புத்தகம் வேண்டும்

இலங்கை நீதி அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பொறளை கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டமும், வாக்காளர் இடாப்போடு வீடு தேடி வந்தவர்களும், வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 பேரும் தாங்கள் அறிந்த விடயங்களே. நான் எழுதுவது சென்ற மாதம் நடந்த ஒன்றைப் பற்றி.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு 1983 ஜூலையின் அந்தத் திங்கட்கிழமை வந்த கூட்டத்துக்கு இடாப்புத் தேவைப்படவில்லை. முன்னால் வந்த பதினேழு வயதுப் பையன் என் அண்ணனோடு கிரிக்கெட் விளையாடியவன். அம்மாவை அன்ரி என்று கூப்பிட்டு, குசினி வாசலில் நின்று தோசை வாங்கித் தின்றவன். பின்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பதும், மண்ணெண்ணெய்ப் போத்தல் அடுப்புக்குக் கீழே இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அயலிலிருந்த சிங்களக் குடும்பத்தாரின் குளியலறையில் ஒளிந்திருந்து தப்பிய நாங்கள், முகாமில் சில நாள் கிடந்து, கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தோம். அதன்பின் அம்மா வீட்டில் மண்ணெண்ணெய் வைத்ததே இல்லை. மின்சாரமற்ற 1990களில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஜாம் போத்தல் விளக்கில் படித்தபோது, நான் மட்டும் தேங்காயெண்ணெய்த் திரியில் உயர்தரத்துக்குப் படித்தேன்.

அந்தப் பையன், இப்போது அறுபதை நெருங்கியவர், சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. "அன்ரி, போத்தலை எடுத்தது நான்தான்" என்றார். தன் மகனுக்கு இதை இன்னும் சொல்லவில்லையாம். 86 வயதான என் அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை எங்கேயாவது எழுதிக் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவரைப் பொலிஸ் நிலையமொன்றுக்கு நானே கூட்டிப்போனேன். கடமையிலிருந்தவர் முதலில் காணிப் பிரச்சினையா என்று விசாரித்தார்; விடயம் தெரிந்ததும், இதையெல்லாம் எழுத இங்கே புத்தகம் இல்லை என்று அனுப்பிவிட்டார். வீடு எரிந்தபோது முறைப்பாட்டை எழுத ஆளிருக்கவில்லை. எரித்தவரே வந்து நிற்கும்போதும் ஆளில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே: அன்று கைவைத்தவர்கள் தாமாக வந்து சொல்வதைச் சட்டப்படி பதிந்து, பாதிக்கப்பட்டவருக்கு அதன் பிரதியைக் கொடுக்க ஓர் இடத்தைத் தாருங்கள்.

1981 முதல் 1984 வரையான வன்செயல்களை ஆராய 2001இல் ஆணைக்குழு அமைத்தீர்கள். 2004இல் ஜனாதிபதி சந்திரிகா மன்னிப்பும் கேட்டார், மறுக்கவில்லை. ஆனால் 1977 ஆகஸ்ட் முதல் 1988 டிசம்பர் வரை "நல்லெண்ணத்துடன்" கடமையாற்றிய அமைச்சர்களையும் அதிகாரிகளையும் காக்கும் சட்டத்தை 1988இலேயே திருத்தி முடிக்க இந்த நாட்டுக்கு நேரமிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள வருபவருக்கு ஒரு மேசை போட நான்கு தசாப்தங்கள் போதவில்லை. பொறளையில் ஆடை களையப்பட்டுக் குந்தியிருந்த தமிழரைச் சுற்றிச் சிரித்து நின்ற இளைஞர்களின் படத்தை உலகமே பார்த்தது. அவர்களும் இன்று பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும் வயதினர். எல்லாரும் செத்து முடியட்டும் என்பதுதான் கொள்கையென்றால், அதையாவது வர்த்தமானியில் போட்டுவிடுங்கள்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். பதிவதற்கு ஓர் இடத்தைத் தாருங்கள் என்று மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன். எந்தத் திகதியென்றாலும் தான் வருவதாக அவர் சொல்லியிருக்கிறார். அம்மாவால் மாடிப்படி ஏற முடியாது. தயவுசெய்து கீழ்த்தளத்தில் ஓர் அறையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை ஒழுங்கையொன்றின் முன்னாள் குடியிருப்பாளர்