மன்னிப்பும் பங்கும்

அன்பு மகனுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் அம்மாவின் ஆசீர்வாதங்கள். குழித்துறை நீதிமன்றத்தில் நான் தொடுத்திருக்கும் பாகப்பிரிவினை வழக்கைத் திரும்பப் பெறுமாறு என்னிடம் எடுத்துச்சொல்ல வேண்டும் என்று, உன் மாமா மஸ்கட்டுக்கே அழைத்துப் பேசியதாக எழுதியிருந்தாய். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடலாமா, மன்னித்துவிட்டால் என்ன என்று நீயும் கேட்டிருக்கிறாய்.

அவரை நான் மன்னித்துவிட்டேன். வழக்கையும் நடத்தத்தான் போகிறேன்.

உன் தாத்தா 1991-இல் உயில் எழுதாமல் இறந்தார். பாட்டியும் போன பிறகு, வீடும் தென்னவிளையும் மாமா, நான், உன் சித்தி என்று எங்கள் மூவருக்கும் சமமாக வர வேண்டியவை. ஆனால் மாமா இன்னும் 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார். மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுதான் மகளுக்கு என்றது அந்தச் சட்டம். சீதனம் வாங்கியவளுக்கு அதுவும் இல்லை. 1956-இல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் நம் வீடுகளில் அதுவே வழக்கமாக இருந்தது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்து, 1951 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று சொல்லிவிட்டது. அதாவது, தாத்தா கண்மூடும்போதே சட்டம் எங்கள் பக்கம் இருந்தது. எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நிலத்தைவிட என்னை வருத்தியவை வேறு. பாட்டியின் அடக்க ஆராதனைக்கு அச்சடித்த அட்டையில் மகன் பெயர் மட்டும் இருந்தது. பெண்மக்கள் இருவரையும் "மற்றும் குடும்பத்தார்" என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். பட்டா அவர் பெயருக்கு மாறிய செய்தி கிராம நிர்வாக அலுவலகத்தில் வேறு வேலையாகப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, உறவினர் நடுவில், "உனக்குக் கொடுத்த நகையை எடைபோட்டுப் பார்" என்றார். அந்தச் சொல்லை எத்தனையோ நாள் ஜெபத்தில் வைத்தேன். இன்று அது நினைவுக்கு வந்தால் வலிக்கிறது. ஆனால் அவருக்குத் தீங்கு வர வேண்டும் என்று மனம் கேட்பதில்லை. மன்னிப்பு என்று நான் சொல்வது இதைத்தான், இதற்குமேல் பெரிதாக எதையும் அல்ல.

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தை மாமா உனக்கு வாசித்துக் காட்டியிருப்பார், என்னிடமும் வாசித்தார். சகோதரன் சகோதரன்மேல் வழக்காடுவதைப் பவுல் கண்டிப்பது உண்மை. ஆனால் உங்களுக்குள் வழக்குத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் இல்லையா என்றும் அவர் அங்கேயே கேட்கிறார். நான் முதலில் சபை மூப்பரிடம்தான் போனேன். பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சமாதானமாக இரு என்றார்கள். எட்டாம் வசனம் சகோதரருக்கே அநியாயம் செய்கிறவர்களைப் பார்த்துப் பேசுவது. அந்த வசனம்வரை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

மத்தேயு ஐந்தாம் அதிகாரமும் அப்படியே. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது, யார்மேல் குறை இருக்கிறதோ அவனிடம். முதலில் எழுந்து நடக்க வேண்டியவன் அவன். நம் வீடுகளிலோ, காயப்பட்டவள்தான் எப்போதும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. அவள் பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

என்னை உண்மையில் நிறுத்திய பகுதி லூக்கா பன்னிரண்டு. சுதந்தரத்தைப் பங்கிடச் சொல் என்று கேட்டவனை ஆண்டவர் ஏற்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரித்தார். சித்திக்காகத்தான் வழக்கு என்று உன்னிடம் சொன்னால் அது பாதிப் பொய். கணவரை இழந்து வாடகை வீட்டில் இருக்கும் அவளுக்கு அந்தப் பங்கு அவசரத் தேவை. எனக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் என் அப்பாவின் மகள் என்று ஒரு காகிதத்திலாவது என் பெயர் வர வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. இது பொருளாசையா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்களிடம் வந்தேன். ஆசரிப்புக் கூடாரத்து வாசலில், மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக நின்று, தங்கள் தகப்பனின் பெயர் அற்றுப்போகலாமா, தங்களுக்கும் காணியில் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களை யாரும் அடக்கவில்லை. மோசே அவர்கள் நியாயத்தைக் கர்த்தருக்கு முன் கொண்டுபோனார். அவர்கள் சொல்வது சரி என்று கர்த்தரே சொன்னார்.

மாமா சமரசத்துக்கு வந்தால் நான் தயார். சித்தியின் பங்கை முழுதாகக் கொடுக்கட்டும். என் பங்கில் வீடு இருக்கும் மனையை அவருக்கே விட்டுவிடுகிறேன். இதை வழக்கறிஞரிடமும் சொல்லிவிட்டேன். நீ இடையில் நின்று யாருக்கும் தூது போக வேண்டாம். அவர் மறுபடி அழைத்தால் மரியாதையாகப் பேசு, உடல்நலம் விசாரி, வழக்கைப் பற்றிக் கேட்டால் அம்மாவிடமே பேசுங்கள் என்று சொல்.

அவர் மகளின் திருமணம் வரும் ஜனவரியில். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஆலயத்துக்கு நான் போவேன். உனக்கு விடுப்புக் கிடைக்குமா என்று எழுது. அவளுக்கு மோதிரம் இங்கேயே வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உன் அம்மா